பிடரியில் ஒரு இரும்புக் கவை

கொழுந்து பறிப்பில் சிவனம்மாவை அடிக்க அந்த மலையில் ஆள் கிடையாது. சும்மா சொல்லவில்லை; மற்றவர்கள் கூடையில் அடி மறையுமுன் அவள் கூடை வாய் முட்டிவிடும். ஆனால் சிவனம்மா என்பது அவள் பெயரல்ல. பள்ளத்துத் தோட்டத்தில் அவள் ஒச்சாயி. கடன் தீருமுன்னே அங்கிருந்து கைப்பிள்ளையோடு மலை தாண்டி ஓடிவந்து, இங்கே பெயரை மாற்றிப் பதிந்து மூன்று வருஷம். பிடிபட்டால் கோர்ட்டு, ஜெயில், பிறகு அதே பள்ளம்.

படம் பிடிக்கும் வெள்ளைக்காரன் ஒருவன் முக்காலிப் பெட்டியோடு வந்தான். கைகாரி என்று அவளையே முன்னால் நிறுத்தினார் வீரணன் கங்காணி. வேலையில் காட்டிய வீம்பு கழுத்துக்கு வந்தது. முக்காட்டை இழுத்துவிட்டாள்.

“மூஞ்சிய மூடிக்கிட்டு நிக்க நீ என்ன புதுப்பொண்ணா?”

“வெயிலுங்க.”

“இந்தப் பனிக்குள்ள ஒனக்கு மட்டும் வெயிலாக்கும்.” கங்காணி கம்பால் முக்காட்டை விலக்கினார்.

பத்து எண்ணும் வரை அசையக் கூடாது. போன வருஷம் பங்களாவைப் படம் எடுத்தபோது, வாலாட்டிய நாய்க்குப் படத்தில் வாலே விழாமல் போன கதை கூலிகள் குடியிருக்கும் லயமெல்லாம் தெரியும். நாலுக்கும் எட்டுக்கும் நடுவில் அவள் தலையை மெல்ல ஆட்டினாள்.

மறுநாள் அதே மேட்டுக்கு அதே ஆட்களைக் கூப்பிட்டார்கள். படத்தில் தேயிலை இலை இலையாக விழுந்திருக்கிறது, முன்னால் நின்றவளுக்குத் தலை இருந்த இடத்தில் புகை. வெள்ளைக்காரன் ஒரு வார்த்தை கோபிக்கவில்லை. இரும்புக் கம்பி ஒன்றை அவள் முதுகுக்குப் பின்னே நட்டு, அதன் கவையைப் பிடரியில் திருகினான். கம்பியைக் கூடை மறைத்தது. அவன் பத்து எண்ணி முடிப்பதற்குள் அவள் நூறு தடவை பள்ளத்துக்குப் போய் வந்தாள்.

படம் பங்களாச் சுவரில் ஏறியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளத்துத் துரை அங்கே விருந்துக்கு வந்தார். அன்று முழுக்க அவள் லயத்துக் கதவைத் திறக்கவில்லை. சாயந்திரம் தண்ணீருக்குப் போனவளைப் பீலிக் குழாயடியில் மறித்தான் பங்களாச் சமையல்காரன் சூசை.

“அந்தத் தொர ஒன் படத்த கையில எடுத்தே பாத்தாரு, அக்கா. கவ்வாத்து வெட்டு அருமையாம். செடி ஒண்ணாப்போல நிக்குதாம்.”

“என்னயப் பத்தி?”

“ஒன்ன எதுக்கு அவரு பாக்குறாரு?”

அவள் மூச்சு இறங்கியது. அஞ்சு வருஷம் தினமும் விடிகாலைப் பிரட்டில் பேர் கொடுக்க அவர் முன்னே நின்றவள். அந்த மனுஷனுக்கு அவள் முகம் ஒரு செடிக்கும் காணாது. கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

சூசை குடத்தைத் தூக்கிவிட்டான். “வார ஞாயித்துக்கெழம அவரு தன் தோட்டத்துப் பெரிய கங்காணியக் கூட்டிட்டு வாராராம். படத்தக் காட்டி, இப்பிடி வெட்டுன்னு சொல்லவாம்.”

துரைக்குத்தான் செடி. பள்ளத்துக் கங்காணிக்கு முகம் தெரியும்.

இடுப்பில் குடத்தோடு அவள் நின்றாள். கை பிடரிக்குப் போயிற்று.