நனைந்த சேவல் இறகு

வண்ணார்பேட்டைக் கோழிக்கடையைக் கடக்கும்போது மூக்கில் ஏறும் நனைந்த இறகின் வாடை, பாபநாசத்துக்குக் கீழே இருந்த எங்கள் ஊர் ஆற்றுத்துறைக்கு என்னைக் கொண்டுபோய்விடுகிறது. அங்கே நீருக்குள் கிடந்த கற்களின் அடியில் பழுப்புப் பூச்சிகள் ஒட்டியிருக்கும். மீன்களை ஏமாற்ற, அவற்றைப் போலவே அப்பா சேவல் இறகைத் தையல் நூலால் தூண்டில் முள்ளில் சுற்றிக் கட்டுவார். நனைந்தால் நூல் கறுத்து, பூச்சியின் பழுப்பு நிறம் போய்விடும் என்பதை ஒவ்வொரு முறையும் மறந்துபோவார். அம்மா சிரித்தபடி அதைத் தண்ணீர்ச் செம்பில் முக்கிக் காட்டுவாள்.

அதே பாசிக் கற்களில் வழுக்கி விழுந்து அம்மாவின் கை ஒடிந்த பிறகு, கற்களை அகற்றிப் படித்துறை கட்டச் சொல்லி ஊராட்சியில் மன்றாடியவரும் அப்பாதான். படிகள் வந்தன, பெண்கள் பயமின்றிக் குளித்தார்கள். கற்களோடு பூச்சிகளும், பூச்சிகளைத் தேடி வந்த கெண்டைகளும் போய்விட்டன. படியும் வேண்டும், கல்லும் வேண்டும் என்று கேட்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

அப்பா மட்டும் கடைசிப் படியில் தூண்டிலோடு நின்றார்.

"நெசப் பூச்சியே இல்ல, பொம்மையப் போட்டு யார ஏமாத்துதீய? வாங்க, வீட்டுக்குப் போவோம்" என்றாள் அம்மா.

"நீ விழாமக் குளிக்கேல்லா, அது போதும்ட்டி" என்றார் அப்பா.

ஆனாலும் இருட்டும் வரை அவர் தூண்டிலை எடுக்கவில்லை.