கத்திரி செய்யாத குற்றம்

பார்லரில் முடி வெட்டுவது அவள் வேலை. எதைச் சொன்னாலும் "ஏன்?" என்று கேட்பதால், உடன் வேலை செய்பவர்கள் அவளை 'ஏனக்கா' என்றே கூப்பிட்டார்கள்.

ஒரு நாள் காலையில் வீட்டைப் பூட்டச் சாவியைத் திருப்பினாள். வலது கட்டைவிரலின் அடியிலிருந்து மணிக்கட்டு வரை சுரீரென்று இழுத்தது.

"பதினெட்டு வருஷம் கத்திரி பிடிச்ச கை, சும்மா விடுமா?" என்றார் கணவர்.

டாக்டரம்மா கட்டைவிரலை உள்ளே வைத்துக் கையை மூடச் சொல்லி, சுண்டுவிரல் பக்கமாக மெல்லச் சாய்த்தார். அவள் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள்.

"தசைநாண் வீக்கம். கட்டைவிரலை இழுக்கிற ரெண்டு நாண் இந்தச் சின்ன உறைக்குள்ள போகுது, மடிப்புக்குள்ள நாடா கோத்த மாதிரி. அது வீங்கிட்டா நாண் நகர இடமில்ல."

"ஏன் வீங்குது?"

"ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செஞ்சா வீங்கும்."

விரலை அசையவிடாத பட்டை, ஐஸ் ஒத்தடம், மூன்று வாரம் லீவு.

பத்து நாள் கத்திரியைத் தொடவில்லை. வலியோ இம்மியும் குறையவில்லை. வேறொருத்தியாக இருந்தால் டாக்டரை மாற்றியிருப்பாள். இவள் ஒரு நோட்டை எடுத்தாள். வலிக்கும்போதெல்லாம் கை என்ன செய்துகொண்டிருந்தது என்று இடது கையால் கோணல்மாணலாக எழுதினாள். மூன்று நாளில் பதினோரு வரி. அதில் எட்டு, 'பாப்பா'.

மாடியில் இருக்கும் தங்கையின் ஐந்து மாதக் குழந்தை. முன்பு காலையும் மாலையும் இவளிடம் இருக்கும். லீவு போட்ட பிறகு நாள் முழுக்க. பட்டை குழந்தையைக் கீறிவிடுமென்று கழற்றி வைத்துவிட்டுத்தான் தூக்குவாள்.

கண்ணாடி முன் நின்று தூக்கிப் பார்த்தாள். குழந்தையின் அக்குளில் கைகொடுக்கும்போது கட்டைவிரல்கள் விறைத்து விலகி நின்றன. மொத்தப் பாரமும் அவற்றின் மேல்.

தங்கைக்கு முகம் சுண்டிவிட்டது. "என் பிள்ளையாலயா அக்கா?"

"பிள்ளை என்னடி பண்ணும்? நான் தூக்குற விதம் சரியில்ல."

டாக்டரம்மா நோட்டை வாங்கி இரண்டு தடவை படித்தார். "வீட்டுல குழந்தை இருக்கான்னு நானே கேட்டிருக்கணும்" என்றார். உறைக்குள் ஓர் ஊசி போட்டு, லீவையும் நீட்டச் சொன்னார். உள்ளங்கை மேலே பார்க்க, அடியில் கைகொடுத்து அள்ளித் தூக்கும் விதத்தையும் காட்டினார். இவள் தலையணையை வைத்துப் பழகினாள். கூடவே பழகிய கணவர், "எனக்குத்தான் நல்லா வருது" என்று குழந்தையைப் பிடுங்கிக்கொண்டார்.

ஆறாவது வாரம் பட்டையைக் கழற்றி, விரலை மெல்ல விரித்து மடக்கும் பயிற்சி. எட்டாவது வாரம் அரை நாள் வேலை. முதல் நாள் நாலு பேருக்கு வெட்டினாள். சாயங்காலம் மணிக்கட்டு லேசாகக் கனத்தது, மறுநாள் சரியாகிவிட்டது.

பாப்பா இப்போது தவழ ஆரம்பித்துவிட்டாள். தூக்கப் போனால் யாருக்கும் பிடி கொடுப்பதில்லை.