நான் அனுப்பாத மொட்டைக் கடிதம்

எனக்குப் பாவம் செய்யத் தெரியாது என்று யாராவது சொன்னால் சிரிப்பேன். நன்றாகவே தெரியும். ஐம்பதுகளின் கடைசியில், இருபத்திரண்டு வயதில், பட்டப்பகலில் பஸ் ஏறிப்போய் ஒரு பாவத்தைச் செய்ய உட்கார்ந்தவள் நான்.

பாலக்கரையில் எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி என் தோழி இருந்தாள். பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த ஒருவர் முதலில் என்னைத்தான் பெண் பார்க்க வந்தார். பஜ்ஜி, காபி எல்லாம் ஆனபிறகு, "சொல்லி அனுப்புறோம்" என்று எழுந்து போனார்கள். இரண்டு மாதம் கழித்து அவளைப் பேசி முடித்தார்கள். அவள் என்னிடம் ஓடி வந்து, "நீதான்டி எனக்குத் தோழியா நிக்கணும்" என்றாள். சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். வயிறு எரிந்தது.

எங்கள் கத்தோலிக்க வழக்கப்படி கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு மாதா கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும் என்று சாமியார் கேட்பார். இரண்டு ஓலை முடிந்திருந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு மொட்டைக் கடிதம் போடக் கிளம்பினேன். பெண்ணுக்கு வலிப்பு வரும், மறைக்கிறார்கள் என்று எழுதத் திட்டம். சுத்தப் பொய். அந்தக் காலத்தில் ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுக்க அந்த ஒரு வரி போதும்.

எங்கள் தபாலாபீஸ் முத்திரை காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் போனேன். அங்கே தபாலாபீஸ் மேசையில் நூலில் கட்டிய பேனாவும் மைக்கூடும் இருந்தன. இரண்டு இன்லண்டு லெட்டர் வாங்கி, ஒன்றில் எழுத்தை இடப்பக்கம் சாய்த்துச் சாய்த்து எழுதினேன். 'இப்படிக்கு உண்மை விரும்பி' என்று முடித்தபோது என் சாமர்த்தியத்தை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

எதிரே நாமம் போட்ட பெரியவர் ஒருவர் கார்டு எழுத உட்கார்ந்தார். உச்சியில் தம் பெருமாள் பெயரை எழுதிவிட்டுத்தான் விஷயத்துக்கே வந்தார். அதைப் பார்த்த கண்ணோடு என் கடிதத்தின் உச்சியைப் பார்த்தேன். ஒரு சிலுவை. அதன் கீழே சேசு, மரி, சூசை.

அரிசிக் கடைக்குச் சீட்டு எழுதினாலும் சிலுவை போட்டு, இயேசு, மாதா, சூசையப்பர் என்ற அந்த மூன்று பெயரையும் எழுதிவிட்டுத்தான் எங்கள் வீட்டில் மேலே எழுதுவோம். ஸ்ரீரங்கத்து உண்மை விரும்பி சிலுவை போடுவானா? நல்லவேளை, மாட்டிக்கொண்டிருப்போம் என்றுதான் அப்போது தோன்றியது. மனசாட்சி என்று எதுவும் உறுத்தவில்லை. கடிதத்தைச் சுக்குநூறாகக் கிழித்தேன்.

"மை காஞ்சு போச்சா? இத எடுத்துக்கோங்கோ" என்று பெரியவர் தம் மைக்கூட்டை என் பக்கம் நகர்த்தினார்.

இரண்டாவது தாளைப் பிரித்தேன். இந்தத் தடவை ஜாக்கிரதை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பேனாவை வைத்தேன். மாப்பிள்ளையின் அப்பாவை எப்படி விளித்து எழுதுவது என்று ஒரு நிமிடம் யோசனை. குனிந்து பார்த்தால், சிலுவை. சேசு, மரி. சூசையில் முதல் எழுத்து முடிந்திருந்தது.

பேனாவைக் கீழே வைத்தேன். சோதனையில் விழவிடாதேயும் என்று தினமும் ஜெபத்தில் கேட்டவள்தான் நான், அடுப்பில் இருக்கும் பாலை நினைத்துக்கொண்டு, வேகவேகமாக. அதற்குப் பதில் வந்தாலும் நரக பயமாகத்தான் வரும் என்று நினைத்திருந்தேன். பயம் எதுவும் வரவில்லை. ஆண்டவரை வீட்டிலேயே விட்டுவிட்டு ஆற்றைக் கடந்து வந்ததாக எனக்கு நினைப்பு. அவரோ எனக்கு முன்னால் அந்தத் தாளுக்கு வந்து நின்றிருந்தார். என் விரல்களை வைத்தே என்னைத் தடுத்திருந்தார். எவ்வளவு பெரியவர், எவ்வளவு சின்ன இடத்தில்! அந்தப் பெயர்களுக்குக் கீழே அந்தப் பொய்யை எழுத என்னால் முடியவில்லை.

அங்கேயே திருந்திவிட்டேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய். திரும்பி வரும்போதும் அவள்மேல் இருந்த ஆத்திரம் அப்படியே இருந்தது. பாவம் செய்யாமல் இருப்பது என் நல்ல குணம் என்று அதுவரை நம்பியிருந்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, இதற்கு முன் எத்தனை தடவை எனக்கே தெரியாமல் என்னைப் பிடித்து நிறுத்தியிருப்பாரோ என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பெண்கள் பக்கத்தில் அவள் என்னை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். சாமியார் மூன்றாவது ஓலையை வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சற்று நிறுத்தினார். அவள் என் காதோரம், "பயமா இருக்குடி. யாராவது எதையாவது கிளப்பி விட்டா என் கதி என்ன ஆகும்?" என்றாள்.

"யாரும் இல்லடி" என்றேன்.

அந்தக் கோயிலில் அதை நிச்சயமாகச் சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான். என்னை அறியாமல் அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அவள் பதறிப்போய், தன் முக்காட்டு நுனியால் என் கண்ணைத் துடைத்தாள்.