கட்டாயம் நிரப்பவேண்டிய கட்டம்

வேலையிடத்தில் நான் செய்வது சுருக்கமாக எழுதுவது. ஓர் ஆப்பில் என்னென்ன விவரங்கள் இருக்கவேண்டும் என்று பத்துப் பதினைந்து வரிகளில் குறித்துக் கொடுப்பேன். அதை ஸ்கீமா என்போம். மிச்சத்தை ஏஐ ஏஜென்ட் பார்த்துக்கொள்ளும். வரிக்கு ஒரு கட்டம், கட்டத்துக்கு ஒரு கேள்வி என்று, போனில் ஓடக்கூடிய முழு ஆப்பையும் அதுவே எழுதிவிடும். நான் தேநீர் ஊற்றிக்கொண்டு வருவதற்குள் நாற்பது கோப்புகள் தயாராக இருக்கும். அந்த வேகத்தை நம்பித்தான் இரண்டாம் மாடி அன்ரியிடம் "ரெண்டு நாளில செய்து தாறன்" என்றேன்.

எங்கள் வெள்ளவத்தைத் தொடர்மாடியில் அன்ரியை எல்லோருக்கும் தெரியும். வேலைநாட்களில் மத்தியானச் சாப்பாடு கட்டி அலுவலகங்களுக்கு அனுப்புகிறவர். சமையலறையில் ஒரு பக்கம் சைவ அடுப்பு, மறுபக்கம் மச்ச அடுப்பு. மீன் கிண்டிய அகப்பை இந்தப் பக்கம் வராது. கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் ஒரு முஸ்லிம் நானா பதினொன்றரைக்குப் பார்சல்களைத் தன் ஆட்டோவில் ஏற்றிப் போவார். பெரிய வாடிக்கை, கொள்ளுப்பிட்டியில் ஓர் அலுவலகம். முப்பத்தெட்டுப் பார்சல். அங்கே நிர்வாகத்தைப் பார்க்கும் பெண், அடுத்த மாதத்திலிருந்து ஓடர்கள் ஆப் வழியாகத்தான் என்று சொல்லிவிட்டார். இல்லாவிட்டால் ஒரு கன்ரீன் கம்பனிக்குக் கொடுத்துவிடுவார்களாம். அந்த முப்பத்தெட்டும் போனால், அன்ரியோடு நின்று காய்கறி வெட்டிக் கொடுக்கும் இரண்டு பெண்களையும் நிறுத்த வேண்டியதுதான்.

முதல் ஸ்கீமா ஐந்து வரி. பெயர், மாடி, தொலைபேசி, திகதி, சைவமா மச்சமா. ஐந்தாவது வரியிலேயே அன்ரி என்னை நிறுத்தினார்.

"ஆரைப் பிள்ளை சைவம் எண்டு போடுறது?"

"சைவம் சாப்பிடுற ஆக்களை."

"எல்லாரும் சாப்பிடுவினம். எப்ப எண்டதுதான் கதை."

கொப்பியை எடுத்து எழுத ஆரம்பித்தேன். வெள்ளி மட்டும் சைவம், ஒன்பது பேர். வெள்ளியும் செவ்வாயும், நான்கு பேர். நல்லூர்க் கோயிலில் கொடியேறினால் தேர், தீர்த்தம் முடியும்வரை, ஆறு பேர். அதில் ஒருவர் முட்டை சாப்பிடுவார். கந்தசஷ்டி ஆறு நாளும் மூன்று பேர், ஆனால் அவர்களில் இரண்டு பேர் மத்தியானம் சாப்பிடவே மாட்டார்கள். தகப்பன் இல்லாதவர்கள் அமாவாசை, தாய் இல்லாதவர்கள் பறுவம், அதாவது பௌர்ணமி. மீன் வேண்டும், இறைச்சி வேண்டாம் என்பவர் ஒருவர். ஹலால் இறைச்சியானால் மட்டும், ஐந்து பேர்.

"இவ்வளவுதானோ?"

"ஞாபகம் வந்தாச் சொல்லுறன்."

மாதம் பிறந்து ஆப் ஓடத் தொடங்கிய பிறகும் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. நான் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி சேர்த்தேன். ஏஜென்ட் ஒவ்வொரு தடவையும் மகிழ்ச்சியோடு எல்லாவற்றையும் திரும்ப எழுதியது. வெள்ளிக்கு ஒரு கட்டம், செவ்வாய்க்கு ஒரு கட்டம். முட்டைக்குத் தனித் திரை. ஐந்து வரி பத்தொன்பது ஆனது. கடைசியாக எழுதியவை அமாவாசையும் பறுவமும். வேலைக்குப் போகும் அவசரத்தில் எழுதினேன். எல்லாச் சோதனைகளும் சித்தியடைந்துவிட்டன என்று ஏஜென்ட் அறிவித்தது. அந்தச் சோதனைகளை எழுதியதும் அதுதான். காலி வீதியில் பஸ்ஸில் நின்றபடியே புதிய பதிப்பை எல்லோருடைய போனுக்கும் அனுப்பினேன். திரையை ஒருமுறை திறந்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

அன்று முப்பத்தேழு ஓடர்தான் வந்தன. யாரோ லீவு என்று நினைத்தேன். மாலை வீடு திரும்பும்போது அன்ரியின் கதவு திறந்திருந்தது. நானாவும் உள்ளே நின்றார். வழக்கமாக அந்நேரம் அவர் நிற்பதில்லை.

"கந்தோர்ல நாலாம் மாடி ஐயாட மேசையில இன்டக்கி பார்சல் இல்ல," என்றார் நானா. "ஏன் ஐயா ஓடர் போடல்லயா எண்டு கேட்டேன். போனைத் தூக்கி என்ட கையில தந்தார். உம்மா ஈக்கிறாவா எண்டு கேக்குது தங்கச்சி. ஓம், இல்ல எண்டு ரெண்டு பொத்தான். அமுக்காட்டி அங்கால போகாது. அந்த மனுசன்ட உம்மா மவுத்தாகி ரெண்டு கெழமையும் இல்ல."

என் போனில் திறந்து பார்த்தேன். 'தங்கள் தாயார் உயிருடன் உள்ளாரா?' பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். கட்டாயம் நிரப்பவேண்டிய கட்டம். தமிழ் மொழிபெயர்ப்பு பிழையில்லாமல் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"வரியின்ர முடிவில ஒரு அடையாளம் போட மறந்திட்டன் அன்ரி. அதைப் போட்டா விரும்பினவை மட்டும் நிரப்பலாம்."

"விரும்பினா நிரப்பலாம் எண்டு கேட்டா நோகாதோ?"

அன்ரி அடுத்ததைச் சொன்னார்.

"அதோட பறுவத்தில போயா லீவு. கந்தோர் பூட்டு. அண்டைக்கு ஆருக்குச் சாப்பாடு?"

ஏஜென்டுக்கு இது தெரியாமல் இருக்கலாம். எனக்குத் தெரியும். ஆண்டுத் தொடக்கத்திலேயே பௌர்ணமிதோறும் நாடே விடுமுறையாகும் போயா நாட்களைப் பார்த்து என் லீவுகளை ஒழுங்கு செய்பவள் நான். அலுவலகமே இல்லாத ஒரு நாளின் சாப்பாட்டுக்காக ஒரு மனிதரிடம் அவருடைய தாயைப் பற்றிக் கேட்டிருக்கிறேன்.

"அப்ப இவ்வளவு நாளும் நீங்கள் அவருக்கு எப்பிடிச் சைவம் அனுப்பினீங்கள்?"

"செத்தவீட்டுக்குப் போனனான். பிறகென்ன கேக்கிறது? அவர் மீன் எண்டு சொல்லும்வரைக்கும் சைவம்தான்." பிறகு நானாவிடம், "நாளைக்கு ஓடர் வராட்டியும் அவருக்குப் பார்சல் போகும்" என்றார்.

மேலே போய் ஏஜென்டிடம் தாய் தகப்பன் பற்றிய கேள்விகளை எடுக்கச் சொன்னேன். நீண்ட மன்னிப்புக் கேட்டது. திரையிலிருந்து எடுத்தது, ஸ்கீமாவில் வரிகளை அப்படியே விட்டது. அடுத்த தடவை ஆப்பை உருவாக்கியபோது இரண்டு கேள்விகளும் திரும்பி வந்து நின்றன. மறுபடி சொன்னேன். இந்தத் தடவை ஒரு யோசனையும் சேர்த்துத் தந்தது: 'மரணம் நிகழ்ந்த திகதி' என்று ஒரு கட்டம் வைத்தால், துக்கத்தின் முப்பத்தொரு நாளையும் தானே கணக்கிட்டுத் தருமாம். மடிக்கணினியை மூடிவிட்டு முகம் கழுவப் போனேன்.

திரும்பி வந்து கொப்பியில் இருந்த பட்டியலைப் படித்தேன். ஒரு வரிகூடப் பிழையில்லை. ஆனால் எல்லாமே காரணங்கள். அன்ரிக்குப் பதினொன்றரைக்குள் தெரியவேண்டியது எந்தப் பார்சல் என்பது மட்டும். பத்தொன்பது வரியையும் அழித்தேன். பெயர், மாடி, திகதி, இன்றைக்கு என்ன. நான்காவதற்குப் பொத்தான்கள்: மீன், இறைச்சி, சைவம், வேண்டாம். காலை ஒன்பது மணிக்குள் எதையும் அமுக்காவிட்டால் சைவம். இறைச்சி எல்லாவற்றையும் ஹலால் கடையிலேயே வாங்குவதென்று அன்ரி முடிவெடுத்ததில் அந்த வரியும் தேவையற்றுப் போனது.

"ஏன் சைவம் எண்டு கேக்குமோ?" என்றார் அன்ரி.

"கேக்காது."

திங்கட்கிழமை இருபத்திரண்டு பேர் அமுக்க மறந்தார்கள். பன்னிரண்டரைக்கு நிர்வாகப் பெண்ணின் அழைப்பு வந்தது. பாதிக் கந்தோர் பயத்தங்காயைப் பார்த்துக்கொண்டு இருக்கிறதாம், இது என்ன ஆப் என்று சிங்களத்தில் கேட்டார். அன்ரி சிங்களத்திலேயே பொறுமையாகப் பதில் சொன்னார். போனை வைத்ததும் என்னை அழைத்தார்.

"மறந்தாச் சைவம்தான் எண்டு சொல்லிப்போட்டன். வெள்ளிவரைக்கும் பாப்பினமாம். சரிவராட்டிக் கன்ரீன்காரன்."

"மறந்தா மீன் எண்டு மாத்தட்டோ? ஒரு நிமிச வேலை."

"மாத்தினா நாலாம் மாடிக்காரர் ஒவ்வொரு நாளும் சைவம் எண்டு அமத்தவேணும்."

நான் மாற்றவில்லை. எட்டரைக்கு ஒரு ஞாபகமூட்டல் மட்டும் சேர்க்கச் சொன்னேன். ஏஜென்ட் மூன்று சேர்த்தது. இரண்டை எடுக்க அரை மணித்தியாலம் போனது. செவ்வாய் பதினான்கு பேர் மறந்தார்கள். புதன் ஐந்து. வியாழன் பின்னேரம் நிர்வாகப் பெண்ணிடமிருந்து ஒரு வரி வந்தது: அடுத்த மாதமும் இப்படியே தொடரலாம்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு அன்ரியின் சமையலறையில் நின்று போனைப் பார்த்தேன். முப்பத்தேழு பேர் அமுக்கியிருந்தார்கள். நாலாம் மாடியில் ஒரு பெயருக்கு எதிரே வெறுமையாக இருந்தது.

"மறந்திட்டாரோ, இல்லாட்டி வேணுமெண்டு விட்டவரோ தெரியேல்லை," என்றேன்.

"அது உமக்கென்னத்துக்கு?" என்று சொல்லிவிட்டு அன்ரி சைவ அடுப்புப் பக்கம் திரும்பினார்.