பேத்தி ஓட்டிய விமானத்தில் வேளாங்கண்ணிக்கு

பேத்தி அனுஷாவுக்கு விமானம் ஓட்டுகிற வேலை கிடைத்தால் வேளாங்கண்ணிக்கு வருவேன் என்று மாதாவிடம் நேர்ந்திருந்தேன். அவள் லைசன்ஸ் எடுத்த பிறகும் இரண்டு வருடம் யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. சிலாபத்தில் ஒரு டியூசன் வகுப்பில் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்துக்கொண்டு காத்திருந்தாள். போன வருடக் கடைசியில்தான் ஒரு கம்பனி எடுத்தது. அதனால் இந்தப் பெப்ரவரியில் எங்கள் கோயில் பங்கு ஆட்களோடு நானும் புறப்பட்டேன்.

புறப்பட நாலு நாள் இருக்கும்போது அனுஷா போன் எடுத்தாள்.

"அம்மம்மா, ஆட்களை ஏத்திக்கொண்டு நான் ஓட்டப் போற முதல் பிளேன் எது தெரியுமா? நீங்க திருச்சிக்குப் போற அதே பிளேன்!"

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் பக்கத்தில் நின்று கேட்ட என் மகள் பிலோமினாவின் முகம் கறுத்துவிட்டது. அனுஷாவின் தாய் அவள்தான். எங்கள் கரையில் ஒரு வழக்கம் இருக்கிறது: ஒரே வீட்டு ஆட்கள் இரண்டு பேர் ஒரே வள்ளத்தில் கடலுக்குப் போகமாட்டார்கள். தகப்பன் ஒரு வள்ளம், மகன் இன்னொரு வள்ளம். என் புருஷனும் அவருடைய தம்பியும் கடைசிவரை அப்படித்தான் தொழில் செய்தார்கள்.

"பிளேன் எண்டா மட்டும் என்னம்மா? அதுவும் கடலுக்கு மேலாலதானே போகுது" என்றாள் பிலோமினா.

எனக்கும் அது மனதில் குத்தியது. பேத்திக்குப் போன் எடுத்து, அடுத்த நாள் விமானத்தில் வருகிறேன் என்றேன்.

"சரி அம்மம்மா. நான் ஓட்டுறதில உங்களுக்குப் பயம் எண்டா சரி."

"உன்னில பயமில்ல பிள்ளை" என்று சொல்வதற்குள் போனை வைத்துவிட்டாள்.

எங்கள் ஊர் குறிஞ்சிப்பிட்டியிலிருந்து காலை ஏழு மணிக்கு வான் வண்டி புறப்பட்டது. ஆளுக்கு இரண்டாயிரம் ரூபாய். டிக்கெட்டை மாற்ற முடியுமா என்று விமான நிலையத்தில்தான் கேட்க வேண்டும் என்று குழுவைக் கூட்டிப்போனவர் சொல்லியிருந்தார். புத்தளம் தாண்டி, சிலாபத்தில் தேத்தண்ணிக்கு நிறுத்தினார்கள். சூடான பணிஸ் பன்னை அப்படியே பையில் வைத்துக்கொண்டேன். எங்களோடு வந்த றோசலின் மச்சாள் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"வள்ளம் மூழ்கினா வீட்டைப் பார்க்க ஒருத்தன் மிஞ்சவேணும். அதுக்குத்தான் அந்த வழக்கம். உனக்கு எழுபத்திரண்டு. நீ மிஞ்சி என்னத்தைக் கிழிக்கப் போறாய்?"

வான் வண்டியில் எல்லாரும் சிரித்தார்கள். முன்னால் இருந்த டிரைவர் தம்பியும் விடவில்லை. "அம்மா, என்ட மகள் ஓட்டினா நான் பெற்றோல் டாங்கிலயாவது குந்திக்கொண்டு போவன்!"

பதினொன்றரைக்குக் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வந்து சேர்ந்தோம். விமானம் இரண்டரைக்கு. வரிசையில் நிற்கும்போது சீருடை போட்ட நாலைந்து பேர் சின்னப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு போனார்கள். நடுவில் அனுஷா. வெள்ளைச் சட்டை, தோளில் பட்டி. அவள் என்னைக் காணவில்லை. கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி நடந்தாள். சின்ன வயதில் புதுநன்மை என்கிற முதல் நற்கருணை எடுத்த அன்று கோயிலில் அப்படித்தான் நடந்து போனாள். அன்று நான் முன் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன்.

குழுவைக் கூட்டிப்போனவர் சொல்லிவைத்ததால், கவுண்டரில் இருந்த பிள்ளை, "டிக்கெட் மாத்தவேணும் எண்டு சொன்னது நீங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல மகள். வலப்பக்கம் ஜன்னல் தாங்க" என்றேன்.

பெல்ட்டைப் போட்டுக்கொண்டு செபமாலையைக் கையில் பிடித்தேன். மேலேயிருந்து குரல் வந்தது. முதலில் சிங்களம், பிறகு ஆங்கிலம், பிறகு தமிழ்: "வணக்கம். நான் துணை விமானி அனுஷா." வீட்டில் சோற்றுக்குக் கூப்பிட்டால் கத்துகிற பிள்ளை. இங்கே அளந்து, ஆறுதலாகக் கதைத்தாள். "இவட பேத்தி! இவட பேத்தி!" என்று மச்சாள் முன் சீட்டையெல்லாம் தட்டினாள்.

ஏறிக் கொஞ்ச நேரத்தில் வலப்பக்கம் எங்கள் கரை தெரிந்தது. உப்புநீர்க் களப்பு ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம், நடுவில் கற்பிட்டி மெல்லிய நாடாப் போல. காற்றாலைகள் குண்டூசி அளவு. அதற்குள் எங்கேயோ பிலோமினா போனைப் பிடித்துக்கொண்டு இருப்பாள். ஒரு மணித்தியாலத்தில் திருச்சி. சக்கரம் தரையில் பட்டது எனக்குத் தெரியவே இல்லை, மச்சாள் சொல்லித்தான் தெரியும்.

எல்லோரும் இறங்கும்வரை இருந்து கடைசியாகப் போனேன். விமானி அறைக் கதவு திறந்திருந்தது. அனுஷா திரும்பிப் பார்த்தாள். வாய் திறந்தபடி நின்றாள்.

"அம்மம்மா! நாளைக்கெல்லோ வாறது எண்டீங்க?"

"நாளைக்கு ஓட்டுறது யாரோ, எனக்கென்ன தெரியும்?"

பக்கத்தில் நின்ற மூத்த கப்டன் சிரித்தார். "பிளேனை இறக்கினது அவதான்" என்று அரைகுறைத் தமிழில் சொன்னார். அனுஷா தொப்பியைக் கழற்றிவிட்டு என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். சட்டை கசங்கும் என்றேன், கேட்கவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: இந்திய விசாவை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். திருச்சியிலிருந்து வேளாங்கண்ணி மூன்றரை மணித்தியாலம், எங்கள் குழு பஸ் பிடித்திருந்தது. நான் ஐந்தாம் வகுப்புவரைதான் படித்தேன். இறங்கும்போது நிரப்புகிற ஆங்கிலப் படிவத்தைப் பணிப்பெண்ணே எழுதித் தந்தாள், கேட்க வெட்கப்படாதீர்கள். தண்ணீர்ப் போத்தலை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். காது அடைத்தால் எச்சிலை விழுங்குங்கள். கரையைப் பார்க்க வேண்டும் என்றால், போகும்போது வலப்பக்கம் கேளுங்கள்.

நேர்ச்சையை முடித்துக்கொண்டு ஐந்தாம் நாள் திரும்பினேன். விமான நிலைய வாசலில் பிலோமினா நின்றாள். என் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள்.

"அம்மா, அடுத்தமுறை நீங்க வீட்டில இருங்க" என்றாள். "பிள்ளை ஓட்டுற பிளேனில நான் ஏறுறன்."