நாலு அடுப்பும் ஒரு தூணும்

இந்த ஆடியில், திருமயத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் நண்பர் அண்ணாமலையின் வீட்டுக்குப் போயிருந்தேன். காப்பித் தம்ளரைக் கையில் எடுத்ததுதான் தாமதம், உள்ளே 'ணங்'கென்று ஒரு சத்தம். தேங்காய் உடைக்கிறார்கள் என்று நினைத்தேன்.

தேங்காய் இல்லை... உமையாளின் நெற்றி.

உமையாள், அண்ணாமலையின் தம்பி மகள். எட்டு வயது. பேச்சு வராது. தகப்பனார் மலாயாவில் கடை வைத்திருக்கிறார். முற்றத்துத் தேக்குத் தூணில் அவள் முட்டிக்கொண்டிருந்தாள்.

வீடே ஓடியது. ஒருத்தி தண்ணீரோடு, ஒருத்தி திருநீற்றோடு, இன்னொருத்தி சீடையோடு. அண்ணாமலையின் மனைவி சிகப்பி ஆச்சி அவளை மடியில் அள்ளிப் போட்டு, "என் ராசாத்தி... என்னத்தா வேணும் ஒனக்கு?" என்று தடவினார். பழைய புண்ணின் மேல் புதுப் புண். பிள்ளையோ சீடையைக் கடித்துக்கொண்டு அமைதியாகிவிட்டாள்.

அண்ணாமலை தலை குனிந்துகொண்டே சொன்னார்: "புதுக்கோட்டை டாக்டரு மாத்திரை குடுத்தாரு. தூங்குனா, எந்திரிச்சா, முட்டுனா. ஒரு நா மண்டை பொளந்து போயிரும்ப்பா. தெக்கே ஒரு கோயில்ல இந்த மாதிரிப் புள்ளைகளைச் சங்கிலி போட்டு வச்சுப் பாத்துக்கிறாகளாம். தைக்குள்ள கொண்டுபோயி விட்டுரலாம்னு இருக்கேன்."

கதவோரம் நின்ற தாய் விசாலாட்சி, 'சங்கிலி' என்ற சொல் காதில் விழுந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

நான் டாக்டருக்குப் படித்தவன் இல்லை. ஊரில் நாலு பேரோடு பேசிப் பேசியே நாலு விஷயம் தெரிந்துகொண்டவன். என்னிடம் இருந்தது ஒரு கேள்விதான். "எப்பம்மா முட்டுறா?"

"எந்நேரமுந்தான்" என்றார் அண்ணாமலை.

"இல்லண்ணே..." விசாலாட்சி என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள். "எங்கூடப் படுத்திருக்கையில முட்டுனதே இல்ல. கம்மாய்க்குக் குளிக்கக் கூட்டிட்டுப் போனாலும் இல்ல. ஒலை வச்ச நேரந்தான்."

உலை வைத்த நேரம்! அதில் என்ன இருக்கிறது?

அந்த வட்டாரத்து வீடுகளில் கல்யாணமான பிள்ளைகளுக்குத் தனித்தனி அடுப்பு. ஒரே வீடு, நாலு சமையல். ஒரு குடும்பத்துப் பிள்ளை இன்னொரு அடுப்படியில் போய் நின்றால் பெற்றவளுக்குக் கௌரவக் குறைச்சல் – பிள்ளையைப் பசியோடு விட்டுவிட்டாள் என்று யாராவது நினைத்துவிட்டால்? அதனால் உமையாள் எங்கே எட்டிப் பார்த்தாலும் விசாலாட்சி ஓடிவந்து இழுத்துக்கொண்டு போவாள். மற்றவர்களும், நாம் ஏன் கண்டுகொள்ள வேண்டும் என்று மரியாதைக்காகக் குனிந்தபடியே கிண்டிக்கொண்டிருப்பார்கள்.

சும்மா நின்றால் ஓர் அடுப்பும் அவளைத் திரும்பிப் பார்க்காது. முட்டினால்... நாலு அடுப்பும் ஓடிவரும்!

பைத்தியமா இது? பேச வராத பிள்ளைக்கு நாமே கற்றுக்கொடுத்த பேச்சு.

இதைச் சொல்லிவிட்டு நான் பஸ் ஏறிவிட்டேன். பாடுபட்டது விசாலாட்சி. பழைய மெத்தையைத் தூண்களில் சுற்றிக் கட்டினாள். கௌரவத்தைத் தூக்கி ஒரு பக்கம் வைத்துவிட்டு, ஓரகத்திகளிடம் போய் நின்றாள். "எம் மக ஒங்க அடுப்படிக்கு வருவா, ஆச்சி. மணிக்கட்டைத் தொட்டா, கையில இருக்கிறதப் போட்டுட்டுத் திரும்பிப் பாருங்க. முட்டுனா மட்டும் யாரும் வராதீக. நான் பக்கத்துலயே நின்னு கையக் குடுத்துக்கிறேன்."

தொடுவதற்கும் அவளே மகளின் கையைப் பிடித்துப் பழக்கினாள்.

உடனே சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். மோசமாயிற்று. ஓடிவருகிற வீடு ஏன் இன்று வரவில்லை என்று பிள்ளை இன்னும் பலமாக முட்டினாள். மெத்தை கட்டியும் போதாமல், நெற்றிக்கும் தூணுக்கும் நடுவே கொடுத்துக் கொடுத்து விசாலாட்சியின் கை வீங்கிப்போயிற்று. மனசு தாங்காத சிகப்பி ஆச்சி ஒரு நாள் சீடையோடு ஓடினார். மறுநாள் முட்டல் இரட்டிப்பு.

"நீயெல்லாம் பெத்தவளாடி? கல்லு!" என்று கத்தியிருக்கிறார் ஆச்சி.

"கல்லுதான், ஆச்சி. சங்கிலியில கெடக்கிறதுக்கு, எம் மக இந்தக் கல்லு மேல சாஞ்சு கெடக்கட்டும்."

அதற்குப் பிறகு ஆச்சி ஓடவில்லையாம். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அடுப்படியிலேயே நின்றாராம்.

நாம் மட்டும் என்ன? ஆபீசில் ஓரமாக ஒதுங்கி நிற்கிறவனை யார் நிமிர்ந்து பார்க்கிறோம்? மேஜையைத் தட்டுகிறவனுடைய ஃபைல் நகர்கிறது. அப்புறம், 'ஜனங்களுக்குப் பொறுமையே இல்லை' என்று அலுத்துக்கொள்கிறோம். பொறுமையாக நின்றவனுக்கு நாம் கொடுத்தது என்ன?

போன வெள்ளிக்கிழமை மறுபடியும் போனேன். நெற்றியில் தழும்புதான் இருக்கிறது. அடியோடு விட்டுவிட்டாள் என்று சொல்ல மாட்டேன் – வீட்டில் விருந்தாளிக் கூட்டம் சேர்ந்தால் இன்னமும் தூணைத் தேடுகிறாளாம். அண்ணாமலை கோயில் பேச்சையே எடுக்கவில்லை. மனசு கேட்காமல் நானே கேட்டேன்.

"எங்கிட்டு அனுப்புறது? அவ வந்து தொடலேன்னா இவளுக ஒருத்திக்கும் ஒலை கொதிக்காது போலருக்கு" என்றார். சிரிப்பதற்காகத்தான் சொன்னார்; குரல்தான் உடைந்துவிட்டது.

பிறகு மழை, விதைப்பு என்று பேச்சு வேறு பக்கம் போயிற்று. என் மணிக்கட்டில் ஒரு விரல் பட்டது.

"கொஞ்சம் இரும்மா" என்றேன், பழக்க தோஷத்தில்.

உள்ளேயிருந்து சிகப்பி ஆச்சி ஒரு அதட்டல் போட்டார். "மழை எங்கயும் போயிராது. மொதல்ல புள்ளையத் திரும்பிப் பாருங்க!"

திரும்பினேன். அவளுக்கு என்னிடம் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை... திரும்பினேனே, அதைத் தவிர.