வேற ஏதும் விசேஷம் உண்டுங்களா?

எம்.எல்.ஏ.விடம் நான் உதவியாளராக இருந்த காலம் முழுக்க என்னை எழுப்பிவிட்டது அலாரம் இல்லை, உளவுப்பிரிவு ஏட்டுதான். காலை ஏழு மணிக்குப் போன் வந்துவிடும். "வணக்கமுங்க சார். ஐயாவுக்கு இன்னிக்கு என்ன ப்ரோக்ராமுங்க?" நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு அவருடைய அதிகாரிக்கு அனுப்புவார். கடைசியில் ஒரு கேள்வி தவறாமல் வரும். "வேற ஏதும் விசேஷம் உண்டுங்களா?"

இல்லை என்றால் அவர் குரல் வாடிவிடும். பாவம், மேலே அனுப்ப அவருக்கும் ஏதாவது வேண்டுமே. பதிலுக்கு அவரும் எங்கே மறியல், எந்த ஊரில் கறுப்புக்கொடி என்று முன்கூட்டியே சொல்லி எங்கள் மானத்தைக் காப்பாற்றுவார். அதனால் டீக்கடைப் பேச்சு வரைக்கும் அள்ளிவிடுவேன். என் வாய் அப்படி.

ஒரு புதன்கிழமை தொப்பூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் மனுவோடு வந்தார். சொசைட்டியில் பால் ஊற்றுவதற்காக ரோட்டைத் தாண்டிய அவர் மனைவியை லாரி அடித்துப்போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. அந்த இடத்தில் ஆட்கள் கடக்க ஒரு பாலம் வேண்டும் என்று கேட்டிருந்தார். எம்.எல்.ஏ. சென்னையில் இருந்தார். நான் உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, அரைமணி நேரம் கேட்டேன்.

பேசப் பேச அவருக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. "வெள்ளிக்கிழம காரிமங்கலத்துக்கு மந்திரி வர்றாராமே. கார் முன்னாடி படுத்துடறனுங்க. எம்மேலயும் ஏத்திட்டுப் போவட்டும்!" உடனே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆத்திரத்துல சொல்றனுங்க. நான் எங்க போறது? அன்னிக்குத்தான் அவளுக்கு சர்ச்சுல முப்பதாம் நாள் பூச. புள்ளைங்க ரெண்டையும் கூட்டிக்கிட்டு கல்லறைக்குப் போவணும்."

மறுநாள் ஏழு மணிக்கு ஏட்டு கேட்டார். கார் முன்னால் படுப்பேன் என்றதை அதே குரலில் நடித்துக் காட்டினேன். ஊர் பெயர் கேட்டார். பையிலிருந்த மனுவை எடுத்துப் பார்த்துப் படித்தேன். பூசையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. சொன்னால் கதையில் காரம் போய்விடும் என்று விட்டுவிட்டேன். அடச்சீ, என்ன மனுஷன் நான்!

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏட்டே கூப்பிட்டார். "நம்மாள விடியக்காலமே வூட்டுல இருந்து தூக்கியாச்சுங்க. மண்டபத்துல வெச்சிருந்து, மந்திரி மாவட்டம் தாண்டுனதும் விட்டாச்சு. ஒரு பிரச்சனயும் இல்ல." துருவிக் கேட்டதில்தான் தெரிந்தது, பூசைக்காக வெள்ளை வேட்டி கட்டி நின்றவரை அப்படியே வண்டியில் ஏற்றியிருக்கிறார்கள். அம்மாவின் கல்லறையில் ஃபாதர் ஜெபம் சொல்லும்போது பெண்பிள்ளைகள் இரண்டும் தனியாக நின்றிருக்கின்றன.

ஏட்டைக் கண்டபடி திட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பூசன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா எழுதியிருப்பனே சார். நீங்க சொன்னதத்தான மேல சொன்னேன்."

திங்கட்கிழமை அந்த விவசாயி மறுபடியும் வந்தார். அதே நாற்காலி. முகம் சுண்டிப்போயிருந்தது.

"என் தம்பிதானுங்க போட்டுக் குடுத்திருக்கான். அவங்கிட்டயும் ஆத்திரத்துல அப்படித்தான் சொல்லியிருந்தேன். இனிமே அவன் மூஞ்சியில முழிக்க மாட்டனுங்க. புள்ளைங்களையும் அவன் வூட்டுப் பக்கம் போவக் கூடாதுன்னுட்டேன்."

டீ வந்தது. அவர் எடுக்கவில்லை.

"இந்த மனு என்னாச்சுன்னு கேக்க வரலீங்க சார். அன்னிக்கு நான் பேசுனத முழுசா கேட்டது நீங்க ஒருத்தர்தான். அதச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

நான்தான் சொன்னேன் என்று தொண்டை வரைக்கும் வந்தது. தினமும் ஏழு மணிக்கு ஊர்க்கதையெல்லாம் அளந்த வாய், அன்றைக்குத் திறக்கவில்லை. இன்றுவரை திறக்கவில்லை. அந்த அண்ணனும் தம்பியும் இன்னும் பேசிக்கொள்வதில்லை.